ரெண்டு பேருக்கும் நடுவில் யசோ

ஜூன் 2, திங்கள்

யசோவுக்குக் குரல் போய்விட்டது. காலையில் எழும்பி வந்து "அம்மா" என்றாள், காற்றுத்தான் வந்தது. தடிமன் பிடிக்கப் போகிறது என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். காய்ச்சல் இல்லை, மூக்கு ஒழுகவில்லை, தொண்டையில் சிவப்புக்கூட இல்லை. பாமசியில் வேலை செய்கிறவளுக்கு ஒரு தொண்டையைப் பார்க்கத் தெரியாதா? நேற்று மழையில் நனைந்திருப்பாள். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

என் வீட்டுக்காரர் அசங்க வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு எல்ல மலைப் பக்கம் போயிருக்கிறார். வியாழன்தான் வருவார். வீட்டில் கஷ்டம் வரும் நாளெல்லாம் இந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் பயணம் வருமோ.

ஜூன் 5, வியாழன்

குரல் வரவில்லை. காதுக்குள் குசுகுசு என்கிறாள், அவ்வளவுதான்.

சீலா அக்கா அவளை விகாரைக்குக் கூட்டிப்போய் வலது கையில் பிரித் நூல் கட்டிக்கொண்டு வந்தார். என் அப்பா விடுவாரா? மத்தியானமே படியிறங்கிக் கோயிலுக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்கிவந்து இடது கையில் கட்டிவிட்டார். புள்ளை ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

ஆனாலும் நான் கொடுத்து வைத்தவள்தான். சீலா அக்கா அசங்கவுக்குத் தாய் மாதிரி இருந்து வளர்த்த அக்கா. இந்த அம்பிட்டிய வீடு அவருடையது. அவருக்கு ஒரு சொல் தமிழ் தெரியாது. அம்மா செத்தபிறகு ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்ட லயத்தில் தனியாகக் கிடந்த என் அப்பா, பின்னால் மலை சரிந்ததும் ஒரு பையோடு இங்கே வந்து நின்றார். அப்பாவுக்குத் தெரிந்தது கடைச் சிங்களம். விலை கேட்கலாம், பஸ்ஸை நிறுத்தலாம். அப்படிப்பட்ட ரெண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே முகம் சுளிக்காமல் இருக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள்? எல்லாம் யசோவால். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து நாங்கள் வேலை முடிந்து வரும்வரை இவர் சொல்வதை அவருக்கும் அவர் சொல்வதை இவருக்கும் சொல்லிக்கொண்டு கிடப்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடம் "எங்க வீட்டு ரேடியோ" என்று நானே பெருமை பேசுவேன்.

ரேடியோதான் இப்போது பேசமாட்டேன் என்கிறது.

ஜூன் 6, வெள்ளி

டீச்சர் போன் பண்ணினார். வாசிக்கச் சொன்னால் எழும்பி நிற்கிறாளாம், வாயைத் திறக்கிறாளாம், பிறகு அழுகிறாளாம்.

ஜூன் 11, புதன்

பெரியாஸ்பத்திரி. மூக்கு வழியாகச் சின்னக் கமரா விட்டுப் பார்த்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள், என் கையைத்தான் நசுக்கிவிட்டாள். தொண்டையில் ஒரு குறையும் இல்லையாம். "அப்படின்னா ஏன் பேச்சு வரல்ல?" என்று கேட்டதற்கு அந்த டொக்டர் ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். பிள்ளைகள் மனநல கிளினிக்.

பஸ்ஸில் வரும்போது அந்தத் துண்டைக் கசக்கி வெளியே போட்டுவிடலாமா என்று இருந்தது. என் பிள்ளைக்கு என்ன குறை? ஒருத்தர் பாக்கியில்லாமல் தாங்குகிறோம்.

வீட்டில் சொன்னேன். அப்பா, "புள்ளைய பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கா இழுத்துட்டுப் போகப் போறே?" என்றார். சீலா அக்காவுக்கு நான் சிங்களத்தில் சொல்லி முடிப்பதற்குள் "பிஸ்ஸுவா, பைத்தியமா பிள்ளைக்கு?" என்று எழும்பிவிட்டார். யசோவின் உதவியில்லாமல் ரெண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

ஜூன் 13, வெள்ளி

பாயிஸாவிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஒரே கவுண்டரில் நிற்கிறோம், மூஞ்சியைப் பார்த்தே பிடித்துவிட்டாள். மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "இதுல என்னத்துக்கு வெக்கம்? என்ட மூத்தவனையும் அங்கதான் கூட்டிப் போனேன். ஸ்கூலுக்குப் போகமாட்டேன்டு ஒரு வருஷம் படுத்துக் கிடந்தவன். எங்க கெலிஓயாவுல ஒரு ஆளுக்கும் தெரியா, ஒனக்குத்தான் சொல்றேன்" என்றாள்.

எத்தனை காலமாகப் பக்கத்தில் நிற்கிறவள். அவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு தினமும் என்னைச் சிரிக்கவைத்திருக்கிறாள். புதன்கிழமை எனக்குப் பதில் தானே நிற்கிறேன் என்று முதலாளியிடம் போய்ச் சொல்லியும் விட்டாள். அவளுடைய கை நன்றாயிருக்கட்டும்.

ஜூன் 18, புதன்

போனோம். வராந்தாவில் முட்டி மோதிக்கொண்டு ஒரே பிள்ளைகள். எல்லாப் பிள்ளையும் சாதாரணப் பிள்ளைதான். நான் என்ன எதிர்பார்த்தேனோ.

டொக்டர் லோஜினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. "வாங்கோ, இருங்கோ" என்றவர் முதலில் யசோவைப் பார்த்தார். "எந்த மொழியில கதைக்க விருப்பம்? தமிழா, சிங்களமா?" என்று ரெண்டிலும் கேட்டார். யசோ என்னைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். அந்தக் கேள்விக்கே கண்ணீர் கொட்டிவிட்டது அவளுக்கு. டொக்டர் உடனே, "ஓம், அது கஷ்டமான கேள்வி. விடுவம். கீறுவமா?" என்று கலர் பென்சிலை எடுத்துவைத்தார்.

குரல் எங்கேயும் போகவில்லையாம். மனதில் பாரம் கூடினால் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகுமாம். நடிப்பு இல்லை, பிடிவாதமும் இல்லை, வரும் என்றார். வாய் கொப்பளிக்கும்போது தொண்டையில் சத்தம் எழுப்பிப் பார்க்கணும், கொட்டாவி விட்டு 'ம்' சொல்லிப் பார்க்கணும். யாரும் "பேசு பேசு" என்று நிற்கக்கூடாது.

பிறகு என்னிடம், "வீட்டில பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்.

"ஒரு வேலையும் இல்ல டொக்டர். ஒரு கோப்பை கழுவ விடமாட்டோம். எங்க அப்பாவும் இவரோட அக்காவும் பேசிக்கிறதுக்கு இவ சொல்லிக் கொடுப்பா, அவ்வளவுதான்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஒவ்வொரு நாளும்."

இந்தக் கிழமை அந்த வேலையை நீங்களே செய்து பாருங்கோ என்றார். அதென்ன வைத்தியமோ.

ஜூன் 22, ஞாயிறு

எழுதுவதற்குக் கை வரவில்லை. ஆனாலும் எழுதிவிடணும்.

இன்றைக்கு லீவு, டொக்டர் சொன்னபடி நான்தான் நடுவில். யசோ அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

மத்தியானம் சீலா அக்கா பலாப்பிஞ்சுக் கறி வைத்தார். அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, சிரித்த முகம் மாறாமல் என்னிடம், "ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா இதே கண்றாவி. மாட்டுக்கு வெச்சாகூட மோந்து பாத்துட்டுப் போயிரும்" என்றார். "என்ன சொல்றார்?" என்று அக்கா கேட்டார். என் வாய் என்ன செய்தது? "ரொம்ப ருசியாம்" என்றது.

அக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. "தெரியும். சீயாவுக்கு இது உயிர் என்று யசோ எப்பவும் சொல்வாள். அதுதான் ஞாயிறு தவறாமல் செய்கிறேன்" என்றார். அப்பாவை அக்கா சீயா என்றுதான் சொல்வார், தாத்தா என்பதற்குச் சிங்களம்.

சாப்பிட்டு முடிந்ததும் அக்கா என்னைக் கூப்பிட்டு, காலையில் விடிய முன்னம் சீயா போடுகிற பக்திப் பாட்டைக் கொஞ்சம் குறைக்கச் சொல், தலை வெடிக்கிறது, எத்தனை தரம் பிள்ளையிடம் சொல்லி அனுப்பினேன் என்றார். அப்பாவிடம் போனேன். "அந்தம்மாவுக்குப் பாட்டுன்னா ரொம்பப் புடிக்குமாமே. புள்ளதான் சொல்லிச்சு. அவங்க அறையிலயும் கேக்கட்டும்னுதான் சத்தமா வெக்கிறேன்" என்கிறார்.

அங்கே நின்றபடியே எனக்கு ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. வந்த அன்றைக்கு "இது உங்க வீடு மாதிரி" என்று அக்கா சொன்னதாக அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாரே, அக்கா அப்படிச் சொல்லும் ஆளா? அக்காவின் தோட்டத்தைப் பார்த்து அப்பா அசந்துபோய் நின்றாராம். அப்பா எந்தத் தோட்டத்தைப் பார்த்தும் அசந்ததில்லை, வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் கொழுந்து நிறுத்தவர்.

அதோடு முடிந்தாலும் பரவாயில்லை. ஜூலை பன்னிரண்டு சனிக்கிழமை. அக்கா தன் அம்மா பேரில் தானம் கொடுக்கிறார். வீட்டுக்குச் சாப்பிட ஹாமுதுருமார், புத்த பிக்குகள், வருகிறார்கள், விகாரையில் சொல்லியாகிவிட்டது. அதே சனிக்கிழமை அப்பா என் அம்மாவுக்குப் படையல் போடுகிறார். கருவாட்டுக் குழம்பு, சுருட்டு, அரைப் போத்தல் சாராயம், அம்மாவுக்குப் பிடித்ததெல்லாம். ரெண்டும் இதே வீட்டு ஹாலில். "சீயாவுக்குச் சந்தோஷமாம், யசோ கேட்டுச் சொன்னாள்" என்கிறார் அவர். "அந்தம்மா சரின்னுட்டாங்க, புள்ள கேட்டுச்சு" என்கிறார் இவர்.

புள்ளை ஒருத்தரிடமும் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? நாள் நெருங்க நெருங்கத் தொண்டை அடைத்துவிட்டது.

நான் ஒரு நாள் செய்தேன். ஒரே நாள். சாயங்காலம் மண்டை இடி. நானும் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன், யாரும் சொல்லிக் கொடுக்காமலே. பன்னிரண்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்?

ஜூன் 23, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பவில்லை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "பன்னெண்டாம் தேதி எனக்குத் தெரியும். அம்மாவுக்குக் கோவம் இல்ல" என்றேன்.

அப்படியே என் மடியில் கவிழ்ந்துவிட்டாள். சத்தம் வராமல் அழுகிற பிள்ளையைப் பார்க்கிறது போல கொடுமை எதுவும் இல்லை. முதுகு மட்டும் குலுங்குகிறது.

பிறகு காதில் சொன்னாள். சீலா நெந்தாவுக்குக் கோபம் வந்தால் தாத்தாவைப் போகச் சொல்லிவிடுவார். தாத்தா மலைக்குப் போவார். மலை திரும்பவும் சரியும். "அப்ப அது என்னாலதான்ம்மா."

இந்த எண்ணத்தோடுதான் என் புள்ள ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வீடு வந்திருக்கு. சீருடை கழட்டாமல், ஒரு பிஸ்கட் தின்னாமல், ரெண்டு பெரியவர்களுக்கும் நடுவில் போய் உட்கார்ந்து. நான் அதுக்கு ரேடியோன்னு பேர் வெச்சேன்.

ஜூன் 25, புதன்

டொக்டரிடம் எல்லாம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. ரெண்டு மொழி வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வருகிறார்களாம், வேறுவேறு வருத்தத்தோடு. "பிள்ளை ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நீங்களும் அவரும் சொல்லுங்கோ. அவை சண்டை பிடிச்சா பிடிக்கட்டும். பிள்ளையை ஒளிக்காதேங்கோ, பாக்கட்டும்" என்றார்.

அக்காவும் அப்பாவும் சண்டை பிடித்தால் இந்த வீடு தாங்குமா என்று எனக்கே தெரியவில்லை.

ஜூன் 28, சனி

அசங்க ஒரு பயணத்தை விட்டுவிட்டு வந்தார். கேட்காமலே. இந்த மனுஷனைப் பற்றி இந்த மாதத் தொடக்கத்தில் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன்.

ஹாலில் வைத்து, அவர் தன் அக்காவுக்குச் சிங்களத்தில் சொன்னார், நான் அப்பாவுக்குத் தமிழில். ஒன்றையும் மெழுகவில்லை. பாட்டு, பலாப்பிஞ்சு, பன்னிரண்டாம் தேதி, எல்லாம். யசோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அக்காவின் முகம் கறுத்துவிட்டது. அப்பா எழும்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் பை. வேட்டி, சாரம், அம்மாவின் போட்டோ எல்லாம் உள்ளே. "நான் வந்த வழிய பாத்துக்கிறேன்" என்றார். யசோவைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது, கண்ணை மூடிவிட்டாள்.

சீலா அக்கா எழும்பினார். அப்பா கையிலிருந்த பையை வெடுக்கென்று பறித்தார். கதிரையை இழுத்துப்போட்டு ஏறி, அலுமாரிக்கு மேலே பையை வைத்துவிட்டு இறங்கினார். அப்பா குள்ளம். கதிரை போட்டாலும் எட்டாது. பிறகு அக்கா கிழக்கே மலைப்பக்கம் கையைக் காட்டி, உள்ளங்கையைச் சரித்து மண் வழிவதுபோல் செய்து, விரலை ஆட்டினார்.

யாரும் மொழிபெயர்க்கவில்லை. அப்பா உட்கார்ந்தார்.

அக்கா சமையலறைக்குப் போகிற வழியில் என்னிடம், "எனக்குக் கோபம்தான். கோபம் வேறு, போகச் சொல்வது வேறு. அதைக்கூடவா இந்த வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாது?" என்றார். இந்த மனுஷியின் வாயிலிருந்து இனிப்பாக ஒரு சொல் இதுவரை வந்ததில்லை. இனிமேலும் வராது. காலில் விழவேண்டும் போல் இருந்தது எனக்கு.

ஜூன் 30, திங்கள்

ரெண்டும் சண்டை. விடியற்காலைப் பாட்டுக்கு. அக்கா சிங்களத்தில், அப்பா தமிழில், நடுநடுவே அவருடைய கடைச் சிங்களத்தில். பக்கத்து வீட்டு நாய்கூட எழும்பிவிட்டது. யசோ பாயில் எழும்பி உட்கார்ந்து என் காதில், "ரெண்டு பேருக்கும் கோவமா?" என்றாள்.

"ஆமா."

"அப்ப?"

"அப்ப ஒன்னுமில்ல. படு."

கொஞ்ச நேரத்தில் பாட்டுச் சத்தம் இறங்கியது. அவள் அதையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 3, வியாழன்

குளியலறையில் வாய் கொப்பளிக்கும்போது சத்தம் வந்தது. தண்ணீரின் சத்தம் இல்லை, அவளுடையது. நான் கதவுக்கு வெளியே துணியும் கையுமாக நின்றேன். உள்ளே போகவில்லை, "இன்னொருதரம்" என்று கேட்கவும் இல்லை. முருகா, புத்தரே, பாயிஸாவின் அல்லாவே. யார் செய்தாலும் சரி.

ஜூலை 8, செவ்வாய்

சனிக்கிழமை விஷயத்தை அவர்களே தீர்த்துக்கொண்டார்களாம். யசோ ட்யூஷன் போன நேரத்தில். அப்பா மணிக்கூட்டைக் காட்டினாராம், அக்கா முள்ளை விரலால் தள்ளிக் காட்டினாராம். ஹாமுதுருமார் மத்தியானத்துக்கு முன்னம் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். என் அம்மாவுக்கோ விளக்கு வைத்த பிறகுதான் படையல். இவ்வளவுதானே விஷயம். இதுக்கு ஒரு புள்ளையின் தொண்டையை அடைத்தோம்.

சாராயத்துக்கு மட்டும் அக்கா அசையவில்லை. புத்தர் இருக்கிற ஹாலில் அது வரக்கூடாது, பின்னால் பலா மரத்தடியில் வைக்கட்டும். அப்பா முனகிவிட்டுச் சரி என்றார்.

ஜூலை 12, சனி

களைப்பு. ஆனால் நல்ல களைப்பு.

காலையில் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹாமுதுருமாருக்குக் கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கருவாடு பொரித்தார். நாற்றம் நாற்றம் என்று நூறு தரம் சொன்னார். பொரித்தும் முடித்தார். அம்மாவின் போட்டோவுக்கு முன்னால் நின்று, பெயர் கேட்டார். "ரத்தினம்மா" என்றாள் யசோ. கரகரவென்று, ஆம்பிளைப் பிள்ளை குரல் மாதிரி. ஆனால் குரல். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை, டொக்டர் சொல்லியிருந்தார். அசங்க மட்டும் தண்ணீர் குடிக்கிற சாட்டில் வெளியே போய்விட்டார்.

அம்மா, நீ இருந்திருந்தால் அக்காவோடு நல்லா சண்டை பிடித்திருப்பாய்.

ஜூலை 16, புதன்

கிளினிக். மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமாம். மத்தியானம் சாப்பிட்ட பிறகு யசோவுக்கு வயிறு வலிக்கிறது, யாராவது சத்தமாகப் பேசினால் இன்னும் திடுக்கிடுகிறாள். அதெல்லாம் மெதுவாகத்தான் போகும் என்றார். மொழிக் கேள்வியை டொக்டர் திரும்பக் கேட்டார். யசோ யோசித்து, "இன்னிக்குத் தமிழ். அடுத்த முறை தெரியாது" என்றாள். டொக்டர் சிரித்தார். பாயிஸா கொடுத்துவிட்ட வட்டிலப்பத்தை அவரிடம் கொடுத்தேன். வேண்டாம் வேண்டாம் என்றுவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூலை 27, ஞாயிறு

இன்றைக்கும் பலாப்பிஞ்சு. அப்பா நேராக அக்காவைப் பார்த்து "எப்பா" என்றார், வேண்டாம் என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே சிங்களம். அக்கா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் தின்ற வாய்க்கு இப்போது என்ன வந்தது என்று தொடங்கினார். அப்பா, மிளகாய் போடாமல் வைத்தால் அதுக்குப் பேர் கறியா என்று தொடங்கினார். ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்வது விளங்காமலே ஏறிக்கொண்டு போனது.

கடைசியில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். "யசோ, இந்தம்மாகிட்ட சொல்லு." "யசோ, சீயாவிடம் சொல்லு."

யசோ மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கப் போனேன், அசங்க மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார்.

"நான் சாப்பிடுறேன்" என்றாள் யசோ. முழுக் குரலில். தலையை நிமிர்த்தவில்லை.

தமிழில்தான் சொன்னாள். அக்காவுக்கும் விளங்கியது. ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள், முன்னைவிடச் சத்தமாக. யசோ இன்னொரு துண்டு மீன் எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் அவளுக்குக் கொஞ்சம் சோறு வைத்தேன்.